பதினோரு ஏக்கரில் ஒரு மைல்

பாதை என்று ஒன்று இருந்தால் அது எங்கேயாவது போய்ச் சேர வேண்டும் என்றுதான் எதிர்பார்க்கிறோம். சந்தைக்கு ஒரு பாதை, கோயிலுக்கு ஒரு பாதை, சுடுகாட்டுக்கு ஒரு பாதை. எங்குமே போய்ச் சேராமல், ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் புறப்பட்ட வாசலுக்கே திரும்பி வருகிற பாதையை வெகு காலம் வரையில் பிரபுக்கள் மட்டுமே வைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம்தான் நிலம் இருந்தது. வெறும் பொழுதும் இருந்தது. நாள் முழுவதும் ஆலையில் நிற்கிற ஒருவனுக்கும், அவன் பெண்டாட்டிக்கும், அவன் வீட்டுக் கிழவிக்கும் அப்படி ஒரு பாதை வேண்டும் என்று தோன்றி, அதற்காக நிலத்தை அளந்து, மண்ணை வெட்டி, மரம் வைத்து, சரளை போட்டுக் கொடுத்தது இங்கிலாந்தில் டார்பி என்ற ஊரில், 1840-ஆம் வருஷத்தில். பொதுஜனங்களுக்கென்றே திட்டம் போட்டு உண்டாக்கிய பூங்காக்களில் அந்த நாட்டில் இதற்கே முதல் இடம் என்று சரித்திரக்காரர்கள் சொல்கிறார்கள்.

ஊரின் பெயரை 'டெர்பி' என்று எழுதினால் நம்மில் பலருக்குக் குதிரைப் பந்தயம் ஞாபகத்துக்கு வரும். நான் சொல்லப்போவதில் குதிரை இல்லை. மரங்கள் இருக்கின்றன, ஒரு மனிதர் இருக்கிறார். அந்த மனிதருக்கு நடப்பதே பெரும் பிரயாசை. நடக்க முடியாத ஒருவர் ஊரார் நடப்பதற்குப் பாதை போட்டார் என்ற இந்த ஒரு விஷயந்தான் என்னை இதை எழுத உட்கார வைத்தது.

முதலில் நிலம் கொடுத்தவரைப் பற்றி இரண்டு வார்த்தை. ஜோசப் ஸ்ட்ரட் என்பவர் பஞ்சாலைக் குடும்பத்துப் பிள்ளை. அவருடைய தகப்பனார் ஜெடிடயா ஸ்ட்ரட், காலுறை பின்னும் இயந்திரத்தில் ஒரு புது உபாயம் கண்டுபிடித்து முன்னுக்கு வந்தவர். நூற்பு இயந்திரத்துக்குப் பேர் போன ஆர்க்ரைட்டோடு கூட்டு வியாபாரம் செய்தவர். பிள்ளை காலத்தில் பணம் கொழித்தது. டார்பி ஊரும் கூடவே வீங்கியது. 1801-இல் 11,000-க்கும் குறைவாக இருந்த ஜனத்தொகை 1841-இல் 30,000-ஐத் தாண்டிவிட்டது. பட்டு ஆலை, பஞ்சாலை, இரும்பு வார்ப்படச் சாலை, போதாததற்கு 1839-இல் ரயிலும் வந்தது. சீர்திருத்தச் சட்டத்துக்குப் பிறகு அமைந்த நகர சபைக்கு முதல் மேயராக 1835-இல் இந்த ஸ்ட்ரட் வந்தார். தம் வீட்டுச் சித்திரங்களையும் சிலைகளையும் ஊரார் வந்து பார்க்கும்படி திறந்து வைத்திருந்தவர். முதுமையில், ஊருக்கு வெளியே தமக்கு இருந்த கோடைக்காலத் தோட்டத்தையும் அதைச் சேர்ந்த நிலத்தையும், ஆக 11 ஏக்கரை, ஊருக்கே எழுதி வைத்துவிடத் தீர்மானித்தார். தம் குடும்பத்துச் செல்வம் அந்த ஊர்க் கைகளின் உழைப்பால் வந்தது. அதில் ஒரு பங்கை அவர்களுக்குத் திருப்பிக் கொடுப்பதுதான் முறை என்பது அவர் சொன்ன காரணம். முதலாளிகள் இதைச் சொல்வது அபூர்வம். சொன்னபின் செய்வது அதைவிட அபூர்வம்.

தோட்டத்தை அமைக்க அவர் 1839-இல் அழைத்தது ஜான் கிளாடியஸ் லௌடனை.

லௌடன் ஸ்காட்லாந்துக்காரர். 1783-இல் கேம்பஸ்லாங் என்ற ஊரில் பிறந்தவர். விவசாயி வீட்டுப் பிள்ளை. இருபத்து மூன்றாம் வயதில் வாத ஜுரம் கண்டது. ஜுரம் போயிற்று, இடது முழங்காலை விறைப்பாக்கிவிட்டு, இடது கையையும் முடக்கிவிட்டுப் போயிற்று. இதோடு அந்த மனிதர் ஐரோப்பா முழுவதும் சுற்றினார். நெப்போலியனின் படை ருஷியாவில் அழிந்து திரும்பிய சுவடு மறையும் முன்பே, 1813-இல் புறப்பட்டு, மாஸ்கோ வரைக்கும் போய் வந்தார். சம்பாதித்த பொருளைப் போட்டு இழந்தார். மறுபடியும் எழுதிச் சம்பாதித்தார். 1822-இல் அவர் வெளியிட்ட தோட்டக்கலைக் களஞ்சியம் வீட்டுக்கு வீடு போயிற்று.

இந்த இடத்தில் நம் தேசத்து மனிதர் ஒருவர் கதைக்குள் வருகிறார். பாட்னாவில் 1759-இல் பிறந்த சேக் தீன் முகம்மது என்பவர் கம்பெனிப் படையில் சேவகம் பார்த்து, அயர்லாந்து போய்க் குடியேறி, 1794-இல் இங்கிலீஷில் ஒரு பிரயாண நூல் எழுதினார். இங்கிலீஷில் புத்தகம் போட்ட முதல் இந்தியர் அவரே. 1810-இல் லண்டனில் இந்தியச் சாப்பாட்டு விடுதி வைத்து நொடித்துப் போனார். பிறகு பிரைட்டன் கடற்கரையில் நீராவி ஸ்நானமும் உடம்பு பிடித்துவிடுவதுமாக ஒரு ஸ்தாபனம் நடத்தினார். 'ஷாம்பூ' என்ற சொல்லை அந்த நாட்டாருக்குப் பழக்கியவர் அவர்தான். அன்று அதற்கு அர்த்தம் உடம்பு பிடிப்பது. ராஜாக்களே அவரிடம் வைத்தியம் செய்துகொண்டார்கள். 1820-இல் லௌடனும் கைவலிக்காக அங்கே போனார். பிடித்துவிடும்போது வலது கை தோளுக்கு வெகு அருகில் முறிந்துவிட்டது. கட்டுப் போட்டுச் சேர்க்க முடியாத இடம். இதை லௌடனின் மனைவி எழுதி வைத்த வாழ்க்கைக் குறிப்பு சொல்கிறது. ஏற்கெனவே உளுத்திருந்த எலும்பு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கை சரியாகவே இல்லை. சில வருஷம் கழித்து மறுபடி முறிந்தபோது, 1825-இல், தோளோடு எடுத்துவிட்டார்கள். சத்திர சிகிச்சை முடிந்ததும் லௌடன் கீழே இறங்கிப் போய் வேலையைப் பார்க்கக் கிளம்பினாராம். பிடித்துப் படுக்க வைப்பதே பாடாகிவிட்டது. மிஞ்சிய இடது கையிலும் இரண்டு விரல்கள்தாம் உதவின. வலிக்காக அபின் தைலம் குடித்துக் குடித்து அது பெரும் பழக்கமாயிற்று. அதையும் அவர் ஒரு தந்திரத்தால் விட்டார்: குடிக்கக் குடிக்கக் குப்பியில் தண்ணீரைச் சேர்த்துக்கொண்டே வந்து, கடைசியில் வெறும் தண்ணீராக்கினார்.

கையும் காலும் இப்படி இருந்த மனிதரைத்தான் ஜேன் வெப் என்ற பெண் கல்யாணம் செய்துகொண்டாள். கதை எழுதுகிறவர்களுக்கு இந்த அத்தியாயத்தில் கொஞ்சம் தங்கிப் போக ஆசை வருவது இயற்கை. ஜேனுடைய தகப்பனார் வியாபாரத்தில் பணத்தை இழந்து 1824-இல் காலமானார். பதினேழு வயதுப் பெண் பிழைப்புக்காகப் பேனாவை எடுத்தாள். 1827-இல் பெயர் போடாமல் மூன்று பாகத்தில் ஒரு நாவல் வந்தது. 2126-ஆம் வருஷத்தில் எகிப்துப் பிரமிடில் கிடந்த ஒரு பிணம் உயிர் பெற்று எழுந்து லண்டனுக்கு வருகிறதாம். அந்த எதிர்காலத்தில் வயலை உழுவதற்கு நீராவி ஏர் இருக்கிறது. லௌடன் அப்போது தோட்டக்காரர்களுக்காக ஒரு பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தார். பிசாசுக் கதையில் அவருக்கு என்ன சிரத்தை? நீராவி ஏர்தான் கண்ணில் பட்டது. 1828-இல் அதைப் பாராட்டி எழுதினார். எழுதியவரைப் பார்க்க வேண்டும் என்று நண்பர்களிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். எழுதியது ஓர் ஆண்பிள்ளை என்பது அவர் எண்ணம். 1830 பிப்ரவரியில் சந்திப்பு, செப்டம்பரில் கல்யாணம். அவருக்கு நாற்பத்தேழு, அவளுக்கு இருபத்து மூன்று.

அதற்கப்புறம் அவருடைய வலது கை அவள்தான். அவர் சொல்லச் சொல்ல இரவு இரண்டு மூன்று மணி வரையில் எழுதுவாள். செடி கொடி பற்றி ஒன்றுமே தெரியாமல் வந்தவள், கேட்டும் எழுதியும் கற்றுக்கொண்டு, தானே பெண்களுக்குத் தோட்டக்கலை நூல்கள் எழுதினாள். அவை நன்றாக விற்று வீட்டைக் காப்பாற்றின. காப்பாற்ற வேண்டிய நிலைமை ஏற்பட்டதற்கும் ஒரு புத்தகந்தான் காரணம். பிரிட்டனில் வெட்ட வெளியில் வளரக்கூடிய மரம், புதர் அனைத்தையும் பற்றி லௌடன் எட்டுப் பாகத்தில் ஒரு நூல் போட்டார். சித்திரக்காரர்கள் மரங்களை நேரில் பார்த்து வரைய வேண்டும் என்பது அவர் பிடிவாதம். அந்த முழங்காலோடு காலை ஏழு மணியிலிருந்து இரவு எட்டு மணி வரையில் அவர்கள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பாராம். 1838-இல் நூல் முடிந்தது. அதோடு 10,000 பவுன் கடனும் முடிச்சாக விழுந்தது. புத்தகத்தின் விலை 10 பவுன். ஆலைக் கூலிக்காரனுக்குச் சில மாதச் சம்பளம். யார் வாங்குவார்கள்?

டார்பியிலிருந்து அழைப்பு வந்தது அடுத்த வருஷம்.

ஸ்ட்ரட்டின் மனசில் இருந்தது பொதுவான ஒரு பூந்தோட்டம். லௌடன் வேறு யோசனை சொன்னார். கண்ணாடி வீடு, வெப்பக் குழாய், அயல் தேசத்துப் பூஞ்செடி என்று இறங்கினால் ஊரால் கட்டிக் காக்க முடியாது. வெறும் புல்லும் நாலு பூப்பாத்தியும் வைத்தால் இரண்டு தடவை பார்த்தவன் மூன்றாம் தடவை வரமாட்டான். மரத்தோட்டமானால் மாசத்துக்கு ஒரு கோலம் காட்டும், செலவு சொற்பம், பார்ப்பவன் எதையாவது தெரிந்துகொண்டும் போவான். ஸ்ட்ரட் ஒப்புக்கொண்டார்.

நிலமோ சப்பட்டையானது. ஏறிப் பார்க்கக் குன்றும் இல்லை, எட்டிப் பார்க்கக் காட்சியும் இல்லை. வாசலில் நின்றால் மறு வேலி தெரியும். தெரிந்துவிட்டால் அப்புறம் நடக்க என்ன இருக்கிறது? லௌடன் செய்த காரியம் எளிமையானது. நடுவிலே நேரான அகலப் பாதை ஒன்று. ஓரத்தைச் சுற்றி வளைந்து வளைந்து போகிற பாதை ஒன்று. இரண்டுக்கும் நடுவே மண்ணை வாரிக் குவித்து ஆள் உயரத்துக்கும் சற்று மேலாக நீள நீளமான மேடுகள். மேட்டின் மேல் மரங்கள். ஒரு பாதையில் போகிறவனுக்கு மறு பாதையில் போகிறவன் தெரியமாட்டான். இருபதடி தூரத்தில் ஒரு குடும்பம் பேசிக்கொண்டு போனாலும் தான் தனியே போவதாகத் தோன்றும். இப்படி 11 ஏக்கருக்குள் ஒரு மைலுக்குச் சற்று மேற்பட்ட நடையைச் சுருட்டி வைத்துவிட்டார். ஒண்டுக் குடித்தனத்தில் ஒரே அறையில் ஏழெட்டுப் பேராகக் கிடந்தவர்களுக்குப் பிறத்தியார் கண்ணில் படாமல் பத்து நிமிஷம் நடப்பது என்றால் என்ன என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றைக் கவனியுங்கள். மேடு கட்டினாரே ஒழிய, பாதையை மேட்டில் ஏற்றவில்லை. பாதை முழுவதும் சமதரையிலேயே போகிறது. படி கிடையாது, ஏற்றம் கிடையாது. தூரம் வேண்டாதவன் நடுப் பாதையோடு போய்விடலாம், வேண்டுகிறவன் சுற்றலாம், பாதிச் சுற்றில் களைத்தவன் குறுக்கே வந்துவிடலாம். நெடுக இருக்கைகள். அவற்றில் சாய்ந்துகொள்ள முதுகுப் பலகையும், ஈரத்தில் படாமல் காலை வைத்துக்கொள்ளக் கீழ்ப் பலகையும் வேண்டும் என்றார். முதியவர்களையும் பிணியாளர்களையும் உத்தேசித்து. வாசல் விடுதிகளில் வருகிறவர்கள் தாங்கள் கொண்டு வந்த பலகாரத்தை உட்கார்ந்து சாப்பிடக் கட்டணமில்லாத அறை இருந்தது. கழிப்பிடமும் இருந்தது. இதெல்லாம் சின்ன விஷயம் என்று நினைக்கிறவர்களுக்கு வீட்டில் வயதானவர்கள் இல்லை என்று அர்த்தம். ஒரு வெளியூருக்குப் புறப்படும் முன் என் தாயார் கேட்கிற முதல் கேள்வி, அங்கே எத்தனை படி. இரண்டாவது கேள்வி, 'அதற்கு' இடம் உண்டா.

விறைத்த முழங்கால்தான் அந்தப் பாதையைச் சமதரையில் போட்டது என்று சொன்னால், அது நாவலாசிரியப் புத்தி என்று யாராவது சொல்லக்கூடும். சொல்லட்டும். கையும் காலும் சுகமாக உள்ள நிபுணர்கள் போட்ட பூங்காக்களில் நான் ஏறி இறங்கியிருக்கிறேன். பலகைக்கு எதிரே குட்டை, குட்டைக்கு எதிரே படிக்கட்டு என்று இருக்கும்.

மரங்களுக்கு வருவோம். ஏறக்குறைய 1,000 வகை மரமும் புதரும் வைத்தார். ஒரு வகையில் ஒன்றுதான். ஒன்றன் கிளை மற்றொன்றில் உரசக்கூடாது. ஒவ்வொன்றும் எல்லாப் பக்கமும் தன் இயல்புப்படி விரிந்து நிற்க வேண்டும் என்பது அவர் கொள்கை. வேர் தண்டோடு சேரும் இடம் பார்வைக்குத் தெரியும்படி சிறு மண் குவியலின் மேல் நட்டார். தாவர நூலோர் வகுத்த குடும்ப வரிசைப்படி, ஓரப் பாதையை ஒட்டி ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினார். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சீட்டு: எண், தாவர நூற்பெயர், நாட்டில் வழங்கும் பெயர், எந்த தேசத்து மரம், எவ்வளவு உயரம் வளரும், இங்கிலாந்துக்கு எந்த வருஷம் வந்தது. எண்ணைப் பார்த்து விவரம் படித்துக்கொள்ள ஒரு சிறு கைநூலும் அச்சிட்டார்கள். ஆக, அந்தப் பாதையை ஒரு முறை சுற்றி வருகிறவன் லௌடனின் எட்டுப் பாகத்தையும் பாராயணம் செய்தவனாகிறான். 10 பவுன் கொடுத்து யாரும் வாங்காத புத்தகம், சரளைப் பாதையின் இரு மருங்கிலும் முளைத்துக்கொண்டு நின்றது. கடன்காரர்கள் வாசலில் நிற்கும்போது ஓர் எழுத்தாளர் செய்யக்கூடிய காரியமா இது என்று எனக்கு ஆச்சரியந்தான்.

1840 செப்டம்பர் 16-ஆம் தேதி திறப்பு விழா. ஊரில் கடை அடைத்து மூன்று நாள் கொண்டாடினார்கள். முதல் நாள் நகர சபையாரும் பெரிய மனிதர்களும், இரண்டாம் நாள் தொழிலாளர்கள் ஊர்வலமாகப் போனார்கள், பிறகு குழந்தைகள்.

விழா முடிந்த பிறகுதான் வாசல் கதவைப் பற்றிய பேச்சு வருகிறது. ஸ்ட்ரட் நிலம் கொடுத்தார், தோட்டம் போட்டுக் கொடுத்தார். பராமரிக்க மூலதனம் வைக்கவில்லை. ஆகவே வாரத்தில் ஐந்து நாள் கட்டணம். ஞாயிறும் புதனும் இலவசம். ஞாயிறன்றும் கோயில் ஆராதனை நேரத்தில் பூட்டு. புதன்கிழமை பகலில் ஆலைத் தொழிலாளி எப்படி வருவான்? மிஞ்சுவது ஞாயிற்றுக்கிழமையில் சில மணி நேரம். பணம் உள்ளவர்கள் கூட்டமில்லாமல் நடக்க ஐந்து நாள். யாருக்காக உண்டாயிற்றோ அவர்களுக்கு அரை நாள். முழங்கால் வலிக்காரனுக்கு ஏற்றமில்லாத பாதை கிடைத்தது. கையில் காசில்லாதவனுக்கு வாசலே ஏற்றமாக இருந்தது. அந்தக் கட்டணம் ஒழிந்தது 1882-இல். நாற்பத்திரண்டு வருஷம்! திறப்பு விழாவில் தகப்பன் தோளில் உட்கார்ந்து வந்த குழந்தை நடு வயதைத் தாண்டிய பிறகுதான் நினைத்த நாளில் உள்ளே போக முடிந்தது.

வேறு ஓர் எண்ணமும் பெரிய மனிதர்களுக்கு இருந்தது. மரம் பார்த்தால் ஜனங்கள் கள்ளுக்கடைக்குப் போகமாட்டார்கள், சாதுவாகிவிடுவார்கள் என்று நம்பினார்கள். டார்பியில் ஆண்டுக்கு ஒரு முறை ஊரே இரண்டு கட்சியாகப் பிரிந்து தெருத் தெருவாகப் பந்து விளையாடுகிற பழைய வழக்கம் ஒன்று உண்டு. மண்டை உடையும், ஜன்னல் உடையும். தோட்டம் திறந்து ஆறு வருஷத்தில், 1846-இல், அந்த விளையாட்டைத் தடை செய்துவிட்டார்கள். ஓடாதே, கத்தாதே, சரளைப் பாதையில் மெல்ல நட, சீட்டைப் படி. இந்தப் போதனை எனக்கு அவ்வளவாக ருசிக்கவில்லை. ஆனால் போதனைக்காகவா ஜனங்கள் போனார்கள்? பக்கத்து ஊர்களிலிருந்து ரயிலேறிக் கூட்டம் கூட்டமாக வந்தவர்கள் தாவரக் குடும்ப வரிசை பார்க்க வந்திருக்கமாட்டார்கள். நிழலில் உட்கார்ந்து கட்டுச்சாதம் பிரிக்கத்தான் வந்திருப்பார்கள்.

கொடுத்தவரும் போட்டவரும் இதில் அதிக நாள் நடக்கவில்லை. லௌடனுக்கு நுரையீரல் கெட்டுவிட்டது. கடன் தீரவில்லை. இளம் தோட்டக்காரர்கள் தாமே கற்றுக்கொள்வதற்காக ஒரு நூலை மனைவிக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். 1843 டிசம்பர் 14-ஆம் தேதி நின்றுகொண்டிருந்தவரின் முகம் மாறுவதைப் பார்த்து ஜேன் ஓடிப்போய்த் தாங்கிக்கொண்டாள். அவள் கையிலேயே, நின்ற நிலையில், உயிர் போயிற்று. அந்த நூலை அவளே முடித்து 1845-இல் வெளியிட்டாள். முன் சொன்ன வாழ்க்கைக் குறிப்பு அதன் முகப்பில்தான் இருக்கிறது. ஸ்ட்ரட் அடுத்த மாதம், 1844 ஜனவரியில், காலமானார்.

மரங்களின் கதி வேறு. தொழிற்சாலைகள் நெருங்கி வந்து சூழ்ந்தன. புகையைத் தாங்காத ஊசியிலை மரங்கள் பல பட்டுப் போயின. தாங்குகிறவற்றை மாற்றி வைத்தார்கள். இடம் போதாத அளவுக்கு வளர்ந்தவற்றை எடுத்துவிட்டுப் புதுக் கன்று வையுங்கள் என்று லௌடன் சொல்லிவிட்டுப் போயிருந்தார். வளர்ந்த மரத்தை வெட்ட யாருக்கு மனசு வரும்? உரசக்கூடாது என்ற கிளைகள் உரசின. ஸ்ட்ரட் தம் வீட்டிலிருந்து கொண்டு வந்து வைத்த காட்டுப்பன்றிச் சிலை ஒன்று உண்டு. இரண்டாம் உலக யுத்தத்தில் விழுந்த குண்டில் அதன் தலை போயிற்று. அறுபது வருஷத்துக்கு மேல் கழிந்து, தோட்டத்தைச் செப்பனிட்டபோது, 2005-இல் புதுப் பன்றி வந்தது.

தோட்டத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் இப்போது பஞ்சாபிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் ஆலை வேலைக்கும் வார்ப்படச் சாலை வேலைக்கும் போனவர்களின் பிள்ளைகளும் பேரப் பிள்ளைகளும் நிறைய. உள்ளே போகக் காசு வேண்டாம். மண் மேடுகள் இன்னும் இருக்கின்றன. பாதை இன்னும் சமதரையில்தான் சுற்றிச் சுற்றிப் போகிறது. சக்கர நாற்காலி என்ற ஒன்றை மனசில் வைத்து அதை யாரும் போடவில்லை, ஆனாலும் போகும்.